ஆழம் அறிந்து காலை விட்டவர்

(பேராசிரியர் அகஸ்ட் பிக்கார்ட் வாழ்க்கை வரலாறு)

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள். குளத்தில் இறங்கப் போனாலும் சொல்வார்கள். புதிய காரியம் ஒன்றைத் தொடங்கப் போனாலும் சொல்வார்கள். இதைக் கேட்டுக் கேட்டு, கரையிலேயே நின்றுகொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று நான் எண்ணியிருந்தேன். உலகிலேயே மிக ஆழமான கடலடிக்கு மனிதன் சென்று திரும்ப வழி வகுத்த ஒருவருடைய வரலாற்றைப் படித்த பிறகே, அந்தப் பழமொழிக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பதை உணர்ந்தேன். ஆழத்தை முதலில் தெரிந்துகொள். பிறகு தயங்காமல் காலை விடு என்பதே அந்தப் பொருள். அவ்வாறு வாழ்ந்து காட்டியவர் பேராசிரியர் அகஸ்ட் பிக்கார்ட். அன்புத் தோழியரே, அவருடைய வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பிறப்பும் இளமையும்

சுவிட்சர்லாந்து நாட்டில் பாசல் என்னும் நகரில், 1884ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அகஸ்ட் பிக்கார்ட் பிறந்தார். அவர் இரட்டையரில் ஒருவர். உடன் பிறந்தவர் பெயர் ஜீன். இருவரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பார்களாம். தந்தையார் அந்நகரப் பல்கலைக் கழகத்தில் இரசாயனப் பேராசிரியர். ஆகவே சிறுவர் இருவரும் விஞ்ஞானப் பேச்சைக் கேட்டே வளர்ந்தனர். பின்னர் ஜூரிச் நகரிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, அகஸ்ட் இயந்திரப் பொறியியலும் ஜீன் இரசாயனமும் கற்றனர்.

கடல் இல்லாத நாடு சுவிட்சர்லாந்து. நான்கு பக்கமும் பிற நாடுகளே சூழ்ந்திருக்கும். அத்தகைய நாட்டில் பிறந்த இளைஞர் ஒருவருக்குக் கடலின் ஆழத்தைக் காண வேண்டும் என்ற ஆசை எப்படி வந்தது? வால்டிவியா என்ற ஜெர்மானியக் கப்பல் 1898, 1899ஆம் ஆண்டுகளில் அட்லாண்டிக் சமுத்திரத்திலும் இந்து சமுத்திரத்திலும் ஆராய்ச்சிப் பயணம் செய்தது. கப்பலில் இருந்தவர்கள் ஆழ்கடலில் வலை வீசி, அதுவரை யாரும் கண்டிராத உயிர்களைப் பிடித்தார்கள். சூரிய ஒளி எட்டாத இருளில் தம் உடலிலேயே விளக்கு ஏந்தி வாழும் மீன்கள் அவற்றில் இருந்தன. ஆனால் ஆழத்திலிருந்து மேலே வந்த அவை பெரும்பாலும் இறந்தோ சிதைந்தோ போயிருந்தன. இந்தப் பயண நூலை மாணவர் பிக்கார்ட் படித்தார். அந்த மீன்கள் தம் இருப்பிடத்தில் உயிரோடு உலவுவதைக் கண்ணால் காண வேண்டும் என்ற எண்ணம் அவர் மனத்தில் அப்போதே வேரூன்றியது. அந்த ஆசை நிறைவேற அவர் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

முதலில் வானம்

1922ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரப் பல்கலைக் கழகத்தில் அவர் பௌதிகப் பேராசிரியரானார். அந்த ஆண்டே அவருடைய மகன் ஜாக் பிறந்தார். 1927ஆம் ஆண்டு அந்நகரில் நடைபெற்ற புகழ்பெற்ற விஞ்ஞானிகள் மாநாட்டின் புகைப்படத்தில் ஐன்ஸ்டைன், மேரி கியூரி அம்மையார் ஆகியோருடன் பிக்கார்டும் நிற்பதைக் காணலாம். மிக உயரமான உருவம், நீண்ட கழுத்து, பரந்த நெற்றி. அந்நகரத் தெருக்களில் அவரைக் கண்ட ஓவியர் ஹெர்ஜே, தம் டின்டின் சித்திரக் கதைகளில் வரும் காது மந்தமான பேராசிரியரை அவரைப் பார்த்தே வரைந்தார். ஆனால் கதையின் கட்டத்துக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக உயரத்தை மட்டும் குறைத்துவிட்டாராம்!

விண்வெளியிலிருந்து பூமிக்கு வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்வதில் பிக்கார்ட் ஈடுபட்டிருந்தார். அதற்குக் காற்று மிகக் குறைந்த உயரத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே மனிதனால் மூச்சு விட முடியாது. எனவே காற்றுப் புகாத ஓர் அலுமினியக் கோளத்தைச் செய்து, அதைப் பெரிய ஹைட்ரஜன் பலூனில் கட்டித் தொங்கவிட்டு, அதனுள் அமர்ந்து செல்லத் திட்டமிட்டார். பெல்ஜிய நாட்டு விஞ்ஞான ஆராய்ச்சி நிதி பொருளுதவி செய்தது. பலூனுக்கு அந்த நிதியின் பெயரையே சுருக்கி எஃப்.என்.ஆர்.எஸ். என்று சூட்டினார்.

1931ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் அதிகாலை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து பிக்கார்டும் அவருடைய உதவியாளர் பால் கிப்பரும் புறப்பட்டனர். புறப்பட்ட சிறிது நேரத்தில் கோளத்தில் ஓர் இடத்தில் காற்று வெளியேறுவது தெரிந்தது. பிக்கார்ட் பதறவில்லை. வாஸ்லினையும் நாரையும் குழைத்து அந்தத் துளையை அடைத்தார். பலூன் 15,781 மீட்டர் உயரத்தை எட்டியது. அதுவரை எந்த மனிதரும் எட்டாத உயரம் அது.

துன்பம் இனிமேல்தான் வந்தது. பலூனிலிருந்து வாயுவை வெளியேற்றி இறங்குவதற்கான கயிறு சிக்கிக்கொண்டது. வெயிலில் கோளம் தகித்தது. கொண்டுவந்த தண்ணீர் போதவில்லை. சுவரில் படிந்த நீர்த்துளிகளை நக்கித் தாகம் தணித்தார்கள். மாலையாகி வாயு குளிர்ந்து சுருங்கினால் பலூன் தானே இறங்கும் என்பதைப் பிக்கார்ட் அறிவார். ஆகவே பொறுமையோடு காத்திருந்தார். அவ்வாறே நடந்தது. அன்று இரவு ஆஸ்திரிய மலைகளில் ஒரு பனியாற்றின்மேல் பலூன் இறங்கியது. இருவரும் இறந்திருப்பார்கள் என்று உலகம் அஞ்சிக்கொண்டிருந்தபோது, அவர்கள் மறுநாள் பனியில் நடந்து கீழே வந்து சேர்ந்தார்கள்.

பாராட்டு மழையில் அவர் தம் குறைகளை மறந்துவிடவில்லை. பாதி கறுப்பாகப் பூசிய கோளம் வெயிலில் சுட்டது என்பதால் அடுத்த முறை முழுவதும் வெண்மை பூசினார். 1932ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் ஜூரிச் அருகிலிருந்து மாக்ஸ் கோசின்ஸ் என்ற இளைஞருடன் ஏறி, 16,200 மீட்டர் உயரத்தை எட்டினார். இம்முறை குளிர்தான் வாட்டியது!

இந்தக் குடும்பத்தில் வானேறியவர்கள் ஆண்கள் மட்டுமல்லர். இரட்டைச் சகோதரர் ஜீன் அமெரிக்காவில் குடியேறியிருந்தார். அவருடைய மனைவி ஜீனெட் அம்மையார் பலூன் ஓட்டும் உரிமம் பெற்று, 1934ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் கணவரை ஏற்றிக்கொண்டு 17,500 மீட்டர் உயரம் வரை தாமே பலூனைச் செலுத்தினார். மூன்று குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண் செய்த செயல் இது என்பது நாம் பெருமையோடு நினைக்க வேண்டியது.

தலைகீழான பலூன்

வானத்தில் கற்ற பாடத்தைக் கொண்டு பிக்கார்ட் தம் இளமைக் கனவாகிய கடலுக்குத் திரும்பினார். கடலில் 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் அழுத்தம் கூடுகிறது. 3,000 மீட்டர் ஆழத்தில் அது 300 கிலோகிராம். மிக ஆழமான இடத்திலோ, நம் கட்டைவிரல் நகத்தின்மேல் ஒரு மோட்டார் காரை ஏற்றி வைத்ததற்குச் சமம்.

அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் பீபியும் அவர் நண்பர் ஓடிஸ் பார்ட்டனும் 1934ஆம் ஆண்டில் ஓர் இரும்புக் கோளத்தில் 923 மீட்டர் ஆழம் சென்றிருந்தார்கள். அந்தக் கோளம் கப்பலிலிருந்து ஒரு கம்பியில் தொங்கியது. கம்பி அறுந்தால் கதி அதோகதிதான். ஆழம் கூடக்கூடக் கம்பியின் எடையே கம்பியை அறுத்துவிடும். எனவே பிக்கார்ட் கம்பியே வேண்டாம் என்று முடிவு செய்தார்.

அப்படியானால் கனமான எஃகுக் கோளம் எப்படி மேலே வரும்? இங்கேதான் பலூன் உதவிக்கு வந்தது. காற்றைவிட இலேசான ஹைட்ரஜன் பலூனைத் தூக்குகிறது அல்லவா? அதுபோலத் தண்ணீரைவிட இலேசான பெட்ரோலை ஒரு பெரிய தொட்டியில் நிரப்பி, அதன் அடியில் கோளத்தைப் பொருத்தினார். கண்ணாடி விளக்கில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் எண்ணெய் விட்டால் எண்ணெய் மேலே நிற்பதை நாம் வீட்டில் பார்க்கிறோம். அதே தத்துவம்தான். தொட்டியின் அடிப்பாகம் கடல் நீருக்குத் திறந்திருந்ததால் உள்ளும் புறமும் அழுத்தம் சமமாயிற்று. மெல்லிய தகடே அதற்குப் போதும். மனிதர் அமரும் கோளத்துக்கு மட்டுமே கனத்த சுவர் தேவைப்பட்டது.

பலூனில் மணல் மூட்டைகளைக் கொட்டினால் அது மேலே எழும். பிக்கார்டின் கப்பலில் மணலுக்குப் பதில் இரும்புக் குண்டுகள். அந்தக் குண்டுகள் கொட்டிவிடாமல் பிடித்துவைத்தவை மின்காந்தங்கள். இந்த இடத்தில் அவருடைய அறிவுக்கூர்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் என்ன ஆகும்? காந்த சக்தி போய்விடும். குண்டுகள் தாமே கொட்டும். கப்பல் தானே மேலே வரும். சாதாரணமாகப் பழுது ஏற்பட்டால் கப்பல் மூழ்கும். பிக்கார்டின் கப்பலில் மின்சாரம் பழுதானால் கப்பல் எழும்!

சன்னலையும் அவ்வாறே சிந்தித்துச் செய்தார். கண்ணாடிபோன்ற தடித்த பிளாஸ்டிக்கைக் கூம்பு வடிவில் கடைந்து, அகன்ற பக்கம் வெளியே இருக்கும்படி பொருத்தினார். பாட்டில் வாயில் தக்கையை அழுத்த அழுத்த இறுகுவதுபோல, கடல் அழுத்த அழுத்தச் சன்னல் மேலும் இறுகியது. எதிரியின் பலத்தையே தமக்குத் துணையாக்கிக்கொண்டார். ஆழம் என்றும் கப்பல் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, இந்தக் கலத்துக்குப் பாத்திஸ்கேப் என்று பெயரிட்டார்.

ஏளனமும் தோல்வியும்

1937ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை இரண்டாம் உலகப் போரால் நின்றுபோனது. போர் முடிந்தபின் மீண்டும் தொடங்கி, 1948ஆம் ஆண்டு எஃப்.என்.ஆர்.எஸ்.-2 என்ற கலம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள வெர்டே முனைத் தீவுகளை அடைந்தது. அப்போது பிக்கார்டுக்கு வயது 64. முதலில் அவரும் ஒரு பிரெஞ்சு விஞ்ஞானியும் உள்ளே அமர்ந்து வெறும் 25 மீட்டர் மட்டும் இறங்கிப் பார்த்தார்கள். இளமை முதல் காத்திருந்த ஒருவர் அடுத்து என்ன செய்திருப்பார்? உடனே பெரிய ஆழத்துக்குப் பாய்ந்திருப்பார் என்றுதான் நாம் நினைப்போம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஆள் இல்லாமல் வெற்றுக் கலத்தை மட்டும் ஆழத்துக்கு அனுப்பினார். குறித்த நேரத்தில் குண்டுகளை உதிர்க்கும் கருவி அதில் இருந்தது. கலம் 1,380 மீட்டர் ஆழம் சென்று, தானாகவே மேலே வந்துவிட்டது!

ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கடல் கொந்தளிக்கத் தொடங்கியது. பெட்ரோலைத் தாய்க் கப்பலுக்கு மாற்ற முடியவில்லை. அலைகள் மோதி மெல்லிய தொட்டி நசுங்கிப்போனது. ஆட்கள் அமரும் கோளத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. அவர் நிரூபிக்க விரும்பியது நிரூபணமாகிவிட்டது. ஆயினும் பத்திரிகைகள் தோல்வி என்றே எழுதின. பேராசிரியரைக் கேலி செய்தன. அவருடைய கலம் பிரெஞ்சுக் கடற்படையின் பொறுப்புக்குப் போய், அங்கே புதுப்பிக்கப்பட்டது.

வேறு ஒருவராயிருந்தால் மனமொடிந்து ஓய்ந்திருப்பார். பிக்கார்டுக்கு அப்போது கைகொடுத்தவர் மகன் ஜாக். அவர் பொருளாதாரம் படித்தவர். தந்தைக்காகத் தம் துறையை விட்டு வந்தார். இத்தாலியில் திரியெஸ்தே நகர மக்கள் உதவ முன்வந்தார்கள். அவர்களுக்கு நன்றியாகப் புதிய கலத்துக்குத் திரியெஸ்தே என்றே பெயர் வைத்தார்கள்.

தந்தையும் மகனும்

1953ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நேப்பிள்ஸ் அருகே திரியெஸ்தே கடலில் இறக்கப்பட்டது. முதலில் சில மீட்டர். பிறகு 1,080 மீட்டர். ஒவ்வொரு படியாக ஆழத்தைக் கூட்டினார்கள். செப்டம்பர் 30ஆம் நாள் தந்தையும் மகனும் கோளத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டனர். உள்ளே இரண்டு மீட்டர் அகலமே உள்ள இடம். கடலடியில் 3,150 மீட்டர் ஆழத்தில் போய் நின்றார்கள். அப்போது பிக்கார்டின் வயது 69. நம் தாத்தாக்கள் சாய்வு நாற்காலியில் ஓய்வெடுக்கும் வயது!

அந்தக் கோளத்துக்குள் அவர் தம் மகனை அமர வைத்ததை நினைக்கும்போது எனக்கு மெய் சிலிர்க்கிறது. எந்தத் தந்தையும் தம் கணக்கில் ஐயம் இருந்தால் பெற்ற பிள்ளையை அழைத்துச் செல்லமாட்டார். முதலில் வெற்றுக் கலம், பிறகு தாம், தம்மோடு தம் பிள்ளை. அதன் பிறகே மற்றவர்கள். இதுவே அவர் பின்பற்றிய வரிசை.

1958ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படை திரியெஸ்தேயை விலைக்கு வாங்கியது. 12.7 சென்டிமீட்டர் தடித்த சுவருள்ள புதிய கோளம் ஒன்று அதற்குப் பொருத்தப்பட்டது. 1960ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், பசிபிக் சமுத்திரத்தில் மரியானா அகழியின் மிக ஆழமான இடத்தில் ஜாக் பிக்கார்டும் அமெரிக்கக் கடற்படை அதிகாரி டான் வால்ஷும் இறங்கினார்கள். வழியில் நுழைவுப் பாதையின் சன்னல் ஒன்று பேரோசையுடன் விரிசல் கண்டது. கோளம் உறுதியாக இருப்பதைப் பார்த்தபின் தொடர்ந்தார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் இறங்கி, 10,916 மீட்டர் ஆழத்தில் கடலின் அடித்தரையைத் தொட்டார்கள். அங்கே சுமார் 20 நிமிடங்கள் தங்கி, இரும்புக் குண்டுகளை உதிர்த்து நலமாக மேலே வந்தார்கள். முதியவர் பிக்கார்ட் அந்தக் கலத்தில் இல்லை. அவருடைய அறிவு அதில் இருந்தது. ஐந்து நாள் கழித்து அவருக்கு 76 வயது நிறைந்தது. ஒரு தந்தைக்கு இதைவிடச் சிறந்த பிறந்தநாள் பரிசு வேறு என்ன இருக்க முடியும்?

1962ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் பேராசிரியர் பிக்கார்ட் காலமானார்.

அவர் சென்ற வழியில்

இரண்டே ஆண்டுகளில் அதே லோசான் நகரில் ஒரு பெரிய தேசியப் பொருட்காட்சி நடைபெற்றது. அதற்காக ஜாக் ஒரு புதுமையான நீர்மூழ்கியைக் கட்டினார். விஞ்ஞானிகளுக்காகவோ கடற்படைக்காகவோ அல்ல, சாதாரண மக்களுக்காக! 40 பயணிகள் அமரலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு சன்னல். மத்திய ஆழத்தில் செல்லும் இத்தகைய கலத்தைப் பற்றி முதலில் சிந்தித்தவர் தந்தையே. ஆகவே அதற்கு அகஸ்ட் பிக்கார்ட் என்றே பெயர் சூட்டினார். 1964, 1965ஆம் ஆண்டுகளில் சுமார் 33,000 பேர் அதில் ஏறி ஜெனீவா ஏரியின் அடியைக் கண்டு வந்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கென்று உலகில் கட்டப்பட்ட முதல் நீர்மூழ்கி அதுவே. பேரன் பெர்ட்ராண்டும் சளைத்தவரல்லர். அவர் 1999ஆம் ஆண்டு துணைவர் ஒருவருடன் பலூனில் எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றி வந்தார்.

அதன்பின் ஆழ்கடலுக்குப் பயணிகளை அழைத்துச் செல்வது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் காத்ரின் சல்லிவன் அம்மையார், விக்டர் வெஸ்கோவோ என்பவர் செலுத்திய கலத்தில் மரியானா அகழியின் அடியைத் தொட்டார். அங்கு சென்ற முதல் பெண் அவரே. 1984ஆம் ஆண்டு விண்வெளியில் நடந்தவரும் அவரே! அவர் சென்ற கலத்தின் கோளம் 9 சென்டிமீட்டர் தடித்த டைட்டானியத்தால் ஆனது. முறையாகச் சோதிக்கப்பட்டுச் சான்று பெற்றது. நம் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்புவதற்காக வடிவமைத்த மத்ஸ்யா கலத்திலும் மனிதர் அமரும் இடம் கோளமே.

ஆனால் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு துயரச் செய்தியும் வந்தது. சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக் கப்பலைக் காணச் சென்ற டைட்டன் என்ற கலம் கடலின் அழுத்தத்தால் நொறுங்கி, அதிலிருந்த ஐவரும் மாண்டனர். அவர்களில் ஒரு தந்தையும் மகனும் இருந்தார்கள். அந்தக் கலத்தின் உடல் கோளமாக இல்லை. கார்பன் இழையால் செய்த உருளையாக இருந்தது. வெளி நிபுணர்களின் சான்று அதற்குப் பெறப்படவில்லை. அனுபவசாலிகள் முன்கூட்டியே எச்சரித்திருந்தனர். இதைப் படித்தபோது, 70 ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ அதே அளவு ஆழத்துக்குச் சென்று நலமாகத் திரும்பிய மற்றொரு தந்தையும் மகனும் என் நினைவுக்கு வந்தார்கள். கடல் அன்றும் அதே கடல்தான்.

முடிவுரை

தோழியரே, துணிவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது என்று பலர் நினைக்கிறோம். எச்சரிக்கை என்றால் கோழைத்தனம் என்றும் எண்ணுகிறோம். பிக்கார்டின் வாழ்வில் இவ்விரண்டும் அவரும் அவர் இரட்டைச் சகோதரரும்போல் ஒன்றாகவே பிறந்து ஒன்றாகவே வளர்ந்தன. மின்சாரம் நின்றால் என்ன ஆகும், கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று கரையில் இருக்கும்போதே கேட்டுக்கொண்டதால்தான் ஆழத்தில் அவரால் அமைதியாக இருக்க முடிந்தது. ஊர் சிரித்தபோதும் அவர் அவசரப்படவில்லை.

இவ்வாண்டு பொதுத் தேர்வு எழுதி, பள்ளியை விட்டு வெவ்வேறு திசைகளில் செல்லப் போகிறோம். நம் முன்னும் ஆழம் தெரியாத நீர்நிலைகள் பல இருக்கின்றன. நாளை நம்மை நம்பிச் சிலர் நம் பின்னே வரவும் கூடும். ஆசிரியையாகவோ, மருத்துவராகவோ, தாயாகவோ நாம் அவர்களை அழைத்துச் செல்ல நேரும். அப்போது முதலில் நாம் இறங்கிப் பார்த்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். கரையிலேயே நின்றுவிடவும் வேண்டாம். கண்ணை மூடிக் குதிக்கவும் வேண்டாம். ஆழம் அறிந்து காலை விடுவோம்!